ஏற்காட்டில் திருடு போன 1968 ஹெரால்டு: இன்சூரன்ஸ் கம்பெனி முக்கால் பங்குதான் தருவேன் என்கிறது, என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா வாங்கிய 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், நாலு கதவு மார்க் 3. ஆர்.சி. இப்போது உங்கள் பெயரில். குடியிருப்பது சேலத்தில், வண்டி நின்றது ஏற்காட்டில் நாகலூர் ரோட்டு வீட்டு ஷெட்டில். மே மாதம் கோடை விழா வாரத்தில் பூட்டை உடைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். திங்கள்கிழமை காலையில் தோட்டக்காரர் போன் செய்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே ஏற்காடு ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (எஃப்.ஐ.ஆருக்கு முன்னால், புகார் வந்ததற்கு ஸ்டேஷன் தரும் ஒப்புகை) வாங்கினீர்கள். எஃப்.ஐ.ஆர். ஐந்து நாள் கழித்துத்தான் போட்டார்கள். கம்பெனிக்கு நீங்கள் எழுத்தில் சொன்னது பத்தொன்பதாவது நாள். பாலிசியில் ஐ.டி.வி. (வண்டிக்குப் போட்ட காப்பீட்டு மதிப்பு) 90,000 ரூபாய். டிங்கர் வேலை, பெயின்ட், இன்ஜின் என்று நீங்கள் செலவழித்தது ஐந்து லட்சத்துக்கு மேல். கம்பெனி முதலில் தாமதம் என்றது, பிறகு ஒரு சாவிதான் கொடுத்தீர்கள் என்றது, இப்போது 'நான்-ஸ்டாண்டர்ட்' (நிபந்தனை மீறலுக்காகக் குறைத்துத் தருவது) என்று சொல்லி 67,500 தருகிறேன் என்கிறது. மார்க்கெட் மதிப்பான ஆறு லட்சத்தை எப்படி வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு சண்டை கலந்திருக்கிறது. 90,000-ஐ 67,500 ஆகக் குறைப்பது சரியா என்பது ஒன்று. 90,000-க்கு மேல் கேட்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதில் நீங்கள் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவதில் அநேகமாக இல்லை. மனசுக்குப் பிடிக்காத பதில்தான். ஆனால் இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டு ஆறு லட்சம் கேட்டீர்கள் என்றால், கம்பெனிக்காரர் அந்த ஆறு லட்சத்தைப் பற்றி மட்டும் பதில் எழுதி, வலுவான கேள்வியை அப்படியே விட்டுவிடுவார். நான் வண்டிச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் சர்வேயராகப் பல வருடம் கம்பெனிகளுக்கு ரிப்போர்ட் எழுதியவன். வக்கீல் இல்லை. உங்கள் பாலிசியையும் நான் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மேல்தொகை ஏன் கிடைக்காது என்பதை முதலில் முடித்துவிடலாம். 2002-இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் (வண்டி இன்சூரன்சின் விகிதத்தையும் வாசகத்தையும் வகுத்த விதித்தொகுப்பு)தான் இன்றைக்கும் பெரும்பாலான பாலிசி வாசகங்களுக்கு அடிப்படை. பிரீமியம் விகிதத்தை 2007-இல் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள், வாசகம் பெரிதாக மாறவில்லை. அதன்படி புது வண்டிக்கு ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, அப்புறம் 20, 30, 40 என்று ஏறி, நான்கிலிருந்து ஐந்து வருட வண்டிக்கு 50 சதவீதம் தேய்மானம். ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் அட்டவணையே கிடையாது. கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி. உங்கள் ஹெரால்டு இரண்டு வகையிலும் அதில்தான் விழுகிறது. அப்படி ஒத்துக்கொண்ட தொகையையே, முழு இழப்பு (திருட்டும் அதில்தான் சேரும்) என்று வரும்போது, பாலிசி காலம் முழுக்க மார்க்கெட் மதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே டாரிஃப் சொல்கிறது. இது இரண்டு பக்கமும் வெட்டும். 'வண்டிக்கு வயசு ஐம்பதுக்கு மேல், 90,000 எல்லாம் பெறாது' என்று கம்பெனி குறைக்க முடியாது. 'வெளியே ஆறு லட்சத்துக்குப் போகும்' என்று நீங்கள் ஏற்றவும் முடியாது.

'வின்டேஜ்' விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம் என்று 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அந்தக் கணக்கில் உங்கள் வண்டி வின்டேஜ். ஆனால் மோட்டார் டாரிஃபில் வின்டேஜ் என்றால் 1940 டிசம்பர் 31-க்கு முன்னால் தயாரித்து, வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று பெற்ற வண்டி மட்டும்தான். 'இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டோம், தேய்மானம் பார்க்காமல் அதைத் தருகிறோம்' என்கிற அக்ரீட் வேல்யூ பாலிசியை அந்த வண்டிகளுக்கு மட்டும்தான் டாரிஃப் அனுமதித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ரோட்டில் ஓடிய ஹெரால்டு, அம்பாசிடர், பியட் எதுவும் அதில் வராது. இன்னொன்று, வி.ஏ. எண் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் வெளியே எடுக்கலாம். நீங்கள் அந்த எண் வாங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், பதில் கொஞ்சம் மாறும்.

90,000-க்கு மேல் கேட்க ஒரே ஒரு சின்ன வழி இருக்கிறது. பாலிசி எடுத்த சமயத்தில் நீங்கள் நாலு லட்சமோ ஐந்து லட்சமோ என்று எழுதிக் கொடுத்து, போட்டோவும் பில்லும் அனுப்பி, கம்பெனி அல்லது ஏஜென்ட் அதைக் கேட்காமல் 90,000 என்று போட்டிருந்தால், அந்த மின்னஞ்சலோ புரொபோசல் படிவமோ கையில் இருந்தால், சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். போனில் சொன்னேன் என்பது உதவாது. பிரீமியம் குறைவாக வரட்டும் என்று நீங்களே 90,000-க்குச் சம்மதித்திருந்தால் (பழைய வண்டிக்காரர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான், நான் குறை சொல்லவில்லை) அந்தக் கதவு மூடிவிட்டது. ரெஸ்டோரேஷன் பில்களைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் இந்த கிளைமில் அவற்றால் தொகை ஏறாது.

சரி, இப்போது உங்கள் பலமான பக்கத்துக்கு வருவோம். தாமதம் என்று கம்பெனி சொன்னதை முதலில் பாருங்கள். திருட்டு தெரிந்ததும் போலீசில் உடனே சொல்லியிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக கிளைமை மறுக்கக்கூடாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2022-இல் ஜெய்னா கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கிலும் அதையே உறுதி செய்தார்கள். அதற்கும் முன்னால், 2011 செப்டம்பரிலேயே, நியாயமான கிளைமைத் தாமதத்தைக் காட்டி இயந்திரத்தனமாகத் தள்ளாதீர்கள் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. உங்கள் பத்தொன்பது நாள் இதற்குள் அடங்கும். ஆனால் எஃப்.ஐ.ஆர். ஐந்து நாள் பிந்தியதைப் பிடித்துக்கொண்டு 'போலீசிலும் தாமதம்' என்று கம்பெனி திருப்பக்கூடும். அதற்கு உங்களிடம் உள்ள பதில் அந்த சி.எஸ்.ஆர். ரசீதுதான். திங்கள்கிழமை தேதி போட்ட ரசீது, தோட்டக்காரர் போன் செய்த நேரம் தெரிகிற கால் பதிவு, இரண்டையும் முதல் இணைப்பாக வையுங்கள். புகார் கொடுத்த தேதி உங்கள் கையில், எஃப்.ஐ.ஆர். போடும் தேதி ஸ்டேஷன் கையில். இதை ஒரு வரியில் எழுதினால் போதும்.

அடுத்தது சாவி. இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கார் கிளைம் எல்லாம் இடறுகிற இடம் இது. விபத்து என்றால் சர்வேயர் வருவார், திருட்டு என்றால் கம்பெனி இன்வெஸ்டிகேட்டரை அனுப்பும். அவர் கையில் ஒரு கேள்வித்தாள் இருக்கும், அது இன்றைய வண்டிகளை வைத்துத் தயாரித்தது. புது காருக்கு ஷோரூமிலேயே இரண்டு சாவி தருகிறார்கள், அதில் ஒன்று இல்லை என்றால் 'இன்னொன்று திருடனிடம் இருந்ததா, நீங்களே வண்டியை விற்றுவிட்டீர்களா' என்று சந்தேகப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஹெரால்டுக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. ஐம்பது வருடத்தில் இக்னிஷன் ஸ்விட்ச் எத்தனை முறை மாறியதோ, கதவுப் பூட்டு எந்த வண்டியிலிருந்து வந்ததோ. சென்னை புதுப்பேட்டையில், பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்த ஸ்விட்ச் ஒரே சாவியோடு வருவது சாதாரணம். சாவி இல்லாமலே ஸ்விட்சுக்குப் பின்னால் உள்ள ஒயர்களைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ண, பழைய வண்டி தெரிந்த மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் போதும். உங்கள் வண்டியை வேலை செய்த மெக்கானிக்கிடம், இக்னிஷன் ஸ்விட்ச் மாற்றியது எப்போது, அதோடு எத்தனை சாவி வந்தது என்று ஒரு கடிதம் வாங்குங்கள். ஸ்விட்ச் வாங்கிய பில் இருந்தால் இன்னும் நல்லது. அதோடு ஷெட் பூட்டை உடைத்திருப்பது எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கூடுதல் வாக்குமூலமாகக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்வெஸ்டிகேட்டரிடம் என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மனிதர் நட்பாகப் பேசி, டீ குடித்து, கடைசியில் அவரே எழுதிய ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குவார். அதில் 'சாவி வழக்கமாக ஷெட்டிலேயே மாட்டியிருக்கும்' என்பதுபோல் ஒரு வரி நுழைந்திருந்தால், கம்பெனியின் முக்கால் பங்கு வாதம் முழுக்க அதன் மேல்தான் நிற்கும். நகல் கேளுங்கள். இன்வெஸ்டிகேட்டர் ரிப்போர்ட்டையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்த மின்னஞ்சலே பின்னால் உங்களுக்குச் சாட்சி.

முக்கால் பங்கு எங்கிருந்து வந்தது? கிளைம் உண்மைதான், ஆனால் காப்பீடு செய்தவர் ஏதோ ஒரு நிபந்தனையை மீறியிருக்கிறார் என்றால், முழுவதும் மறுக்காமல் 75 சதவீதம் கொடு என்பது 'நான்-ஸ்டாண்டர்ட்' தீர்வு. 2008-இல் நிதின் கண்டேல்வால் வழக்கு, 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கு இரண்டும் இதைப் பேசுகின்றன. 2023-இல் அசோக் குமார் வழக்கில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனவருக்கும் 75 சதவீதம் கிடைத்தது. இந்தத் தீர்ப்புகள் எல்லாம் ஒன்றுமே தரமாட்டேன் என்ற கம்பெனியிடமிருந்து வண்டிக்காரரைக் காப்பாற்ற வந்தவை. மீறலே இல்லாதவருக்குக் கால் பங்கைக் குறைக்க அவற்றைப் பயன்படுத்த முடியாது. பூட்டிய ஷெட்டில் வண்டி, சாவி சேலத்தில் உங்கள் வீட்டில், போலீசுக்கு அன்றே புகார். இதில் எந்த நிபந்தனையை, எந்தப் பிரிவை மீறினேன் என்று பாலிசி வாசகத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். போனில் 'நான்-ஸ்டாண்டர்ட்' என்று சொல்வது சுலபம். தாளில் பிரிவு எண்ணோடு எழுதும்போதுதான் மேலதிகாரி யோசிப்பார்.

நீங்கள் சொல்லாத ஒன்று எனக்கு உறுத்துகிறது. ஆர்.சி. நடப்பில் இருந்ததா? சொந்த வண்டியின் பதிவு பதினைந்து வருடத்துக்குத்தான், பிறகு ஐந்து ஐந்து வருடமாக ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இதை மறந்துவிடுவது ரொம்ப சகஜம். 2021 செப்டம்பரில் சுஷில் குமார் கோதாரா வழக்கில், தற்காலிகப் பதிவு முடிந்துபோன கார் வெளியூரில் நிறுத்தியிருந்தபோது திருடு போனது. அடிப்படை மீறல் என்று உச்ச நீதிமன்றம் கிளைமையே தள்ளிவிட்டது. உங்கள் ஆர்.சி. காலாவதியாகியிருந்தால் கம்பெனி இதைத் தூக்கிக்கொண்டு வரும், அப்போது முக்கால் பங்குகூட ஆபத்தில்தான். மறுவாதம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு பதிவில்லாத வண்டியை ஓட்டுவதைத்தான் தடுக்கிறது, கோதாராவின் கார் ஊர் விட்டு ஊர் ஓட்டிப் போனது, உங்களுடையது வீட்டு ஷெட்டில் நின்றது. எனக்கு இது நல்ல வாதமாகத்தான் படுகிறது, ஆனால் ஜெயிக்கும் என்று உறுதி தரமாட்டேன். ஆர்.சி. அப்படி இருந்தால், 67,500-ஐ வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஆர்.சி. சரியாக இருந்தால் வழி நேரானது. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மேலே சொன்னபடி ஒரு கடிதம். தொகை 90,000, அதில் கட்டாயக் கழிவு (எந்த கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) 1,000 ரூபாய் போகும் (1,500 சி.சி.க்கு உட்பட்ட கார்களுக்கு அவ்வளவுதான்), மீதியும் தாமதத்துக்கு வட்டியும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (கம்பெனி மீதான புகார்களை விசாரிக்கும் நடுவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரை அவர் விசாரிக்கலாம், கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், வீடியோ விசாரணையும் உண்டு. அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அதில் சரிவரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கெடு இரண்டு வருடம், கொடுத்த பிரீமியத்தை வைத்துத்தான் கட்டணம் என்பதால் உங்களுக்குக் கட்டணமே வராது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். 22,500 ரூபாய் வித்தியாசத்துக்கு நான் ஆம்புட்ஸ்மேனைத்தான் முதலில் சொல்வேன்.

போலீஸ் பக்கம் இரண்டு வேலை பாக்கி. வண்டி கண்டுபிடிக்க முடியவில்லை என்ற இறுதி அறிக்கை இல்லாமல் கம்பெனி பணத்தை விடாது, அது வர மாதக்கணக்கில் ஆகும். ஏற்காடு ஸ்டேஷன் சேலம் மாநகர கமிஷனரின் கீழ் வராது, மாவட்ட எஸ்.பி.யின் கீழ். இழுத்தடித்தால் மனு போக வேண்டிய இடம் அது. இன்னொன்று கேமரா. மலையிலிருந்து வண்டி இறங்க அடிவாரத்துக்கு வரும் இருபது கொண்டை ஊசி வளைவு ரோடு ஒன்று, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் ரோடு ஒன்று. பதிவுகள் மேலெழுதப்பட்டிருக்கலாம், ஆனாலும் இரண்டு ரோட்டுப் பதிவையும் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேட்டு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மலையிறங்கியது பதிவாகியிருந்தால், நீங்களே வண்டியை மறைத்துவிட்டீர்கள் என்ற மறைமுகச் சந்தேகம் கலைய அது ரொம்ப உதவும்.

பணம் வாங்கும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 28, 29, 30, உரிமை மாற்றக் கடிதம், உறுதிப் பத்திரம், 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வவுச்சர் எல்லாவற்றிலும் கையெழுத்து கேட்பார்கள். இப்போதைய 67,500-ஐ வாங்கிக்கொண்டு மீதிக்குச் சண்டை போட நினைத்தால், வவுச்சரில் 'எதிர்ப்புடன் பெறுகிறேன்' என்று கைப்பட எழுதி, அன்றைக்கே மின்னஞ்சலும் அனுப்புங்கள். வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே வழக்குரிமை போய்விடாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றமும், 2015-இல் ஒழுங்குமுறை ஆணையமும் சொல்லியிருக்கின்றன. ஆனால் வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும், எழுதிவிட்டால் அந்தத் தொல்லை குறைவு.

அந்தப் படிவங்களில் உங்களுக்குப் பணத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகு வண்டி கிடைத்தால், வண்டி கம்பெனியுடையது. அப்பாவின் ஹெரால்டை அவர்கள் பழைய இரும்பு விலைக்கு ஏலம் விடுவார்கள். அதனால் கையெழுத்துக்கு முன்னால், 'வண்டி மீட்கப்பட்டால் கொடுத்த தொகையைத் திருப்பிக் கொடுத்து எடுத்துக்கொள்ள முதல் உரிமை காப்பீடு செய்தவருக்கு' என்ற வரியை உரிமை மாற்றக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இது சட்டப்படி நீங்கள் கேட்டே வாங்கக்கூடிய உரிமை அல்ல, பேசி வாங்குவது. 90,000 ரூபாய் வண்டிக்கு மேனேஜர் பெரிதாக மல்லுக்கட்ட மாட்டார் என்பது என் அனுபவம். பணம் வாங்கும் முன்பே வண்டி கிடைத்துவிட்டால், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்கால ஒப்படைப்பு மனு போட்டு நீங்களே எடுக்கலாம். உடைந்தது, காணாமல் போனது மட்டும் சேத கிளைமாக மாறும்.

பாலிசி ஷெட்யூல், ஆர்.சி. கடைசியாகப் புதுப்பித்த தேதி, இன்வெஸ்டிகேட்டர் வாங்கிய வாக்குமூலத்தின் நகல் மூன்றையும் பெயர், எண் மறைத்துப் போடுங்கள். குறைதீர் அதிகாரிக்கான கடிதத்தை எப்படி எழுதலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.